இறங்கினால் ஏறும் வண்டி

எங்கள் ஊருக்கும் கொக்குமேட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதை வெட்டிய புண்ணியவானுக்கு நாங்கள் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது மட்டும் இல்லாவிட்டால் கொக்குமேடு எங்கே முடிகிறது, நாங்கள் எங்கே ஆரம்பிக்கிறோம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

கொக்குமேட்டில் ஒரு சங்கம் உண்டு. கொக்குமேடு அனைத்து நல முன்னேற்றச் சங்கம் என்று பெயர். தலைவர் சென்னியப்பன், செயலாளர் நாச்சிமுத்து, பொருளாளர் ஆறுக்குட்டி. உறுப்பினர்கள் யார் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஊரில் சும்மா உறுப்பினராக இருக்க யாருக்கும் மனசில்லை. பதவி மூன்றுதான் இருந்தது, அதனால் சங்கமும் மூன்று பேரோடு நின்றுபோனது.

எந்தக் காரியமானாலும் தீர்மானம் போட்டுத்தான் செய்வார்கள். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், மூன்றாமவர் கைதட்டுவார். ஒருமுறை நாச்சிமுத்துவின் ஆடு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அதை மேலே எடுப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிய நேரத்தில், ஆடு தானாகவே படியேறி வந்து கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. தீர்மானத்துக்கு ஆடு கட்டுப்பட்டது என்று அன்றைக்கு நோட்டில் எழுதிவைத்தார்கள்.

சங்கத்தின் சொத்து என்று பார்த்தால் ஒரு மூட்டை பொன்னாடை. ஊருக்கு வருகிற பெரிய மனிதர்களுக்குப் போர்த்திப் போட்டோ எடுப்பார்கள். அவர் காரில் ஏறும்போது, "சூடா இருக்குமுங், குடுங்க" என்று திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரே பொன்னாடை ஒரு தாசில்தாரையும் நான்கு டாக்டர்களையும் பார்த்திருக்கிறது.

இந்தச் சங்கத்துக்குப் போன வருஷம் ஒரு மின்சாரக் கார் வந்து சேர்ந்தது. அந்த ஊரில் பிறந்து நார்வேயில் வேலை பார்க்கும் ஞானசேகரன் என்பவர் வாங்கிக் கொடுத்தது. பிரசவத்துக்குப் போகிற பெண்களையும் நடக்க முடியாத வயசாளிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அவர் அந்தப் பக்கம் விமானம் ஏறினார், இந்தப் பக்கம் தலைவர் காரில் ஏறினார். அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

காரில் ஒரு குறை உண்டு. சின்னப் பிள்ளைகள் திறந்து விழுந்துவிடாமல் இருக்கப் பின்கதவுகளுக்கு ஒரு பூட்டு இருக்கும் அல்லவா, அதை யாரோ போட்டுவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்தவர் உள்ளேயிருந்து கதவைத் திறக்க முடியாது. அந்தப் பூட்டை எடுப்பது சம்பந்தமான தீர்மானம் எட்டு மாசமாக நிலுவையில் இருந்தது.

இனி மாப்பிள்ளைக்கு வருகிறேன். தலைவரின் அக்கா மகன் பூபதி. முப்பத்தாறு வயசு. ஐந்து ஏக்கர் வாழை, சொந்தக் கிணறு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. விவசாயம் பார்க்கிறவனுக்குப் பெண் கொடுக்க இப்போது யார் இருக்கிறார்கள்? பதினான்கு இடத்தில் பெண் பார்த்தான். பதினான்கு இடத்திலும் பஜ்ஜிதான் கிடைத்தது. பதினைந்தாவது இடம் ஊட்டி. பெண்ணின் பெயர் சுகந்தி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "எனக்கு வாழைத் தோட்டம் பிடிக்கும்" என்று அவள் சொன்ன அன்றைக்குப் பூபதி வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்து அழுதான். பாவம், நல்ல பையன்.

சுகந்தியின் அப்பா துரைராஜ், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்து மணிக்குக் கரண்ட் நிற்கும் என்று அறிவித்தால் பத்து அடிக்கும்போது நிறுத்தியவர். அவர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

"முகூர்த்தம் ஞாயித்துக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு. பன்னெண்டுக்கு எமகண்டம். பன்னெண்டு அடிக்கிறப்போ தாலி ஏறலைன்னா, மண்டபத்து மெயினை ஆஃப் பண்ணிட்டு என் பொண்ணைக் கூட்டிட்டுப் போய்ட்டே இருப்பேன்."

சொன்னால் செய்கிறவர். அது பூபதிக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாளே பூபதியின் அம்மா தாலியும் சீர்வரிசையுமாகச் சொந்தபந்தங்களோடு பஸ்ஸில் ஊட்டிக்குப் போய்விட்டார். பூபதியும் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினான். தாய்மாமன் சென்னியப்பன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சங்கத்துல காரை வெச்சுக்கிட்டு, தலைவரோட அக்கா மவன் பஸ்ஸுல போறதா? நாளைக்குக் காத்தால நம்ம கார்லதான் போறோம். நீ போயித் தூங்கு மாப்ள."

தை மாசக் குளிரில் கார் ஊட்டிக்குப் போகிறது என்று ஞானசேகரனுக்குச் செய்தி போயிற்று. அவர் பனியிலேயே வண்டி ஓட்டுகிறவர். அக்கறையோடு நார்வேயிலிருந்து ஒரு நீளமான செய்தி அனுப்பினார். நாச்சிமுத்து அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டார். பாருங்கள், அந்தச் செய்தியில் தப்பே கிடையாது. படித்தவர்கள் யார் என்பதுதான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணி. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகப் பூபதி பின்சீட்டில் உட்கார்ந்தான். ஓட்டுவது பொருளாளர் ஆறுக்குட்டி. சார்ஜ் என்பது சங்கத்தின் இருப்பு, இருப்புக்குப் பொறுப்பு பொருளாளர், அதனால் அவர்தான் ஓட்ட வேண்டும் என்று முன்பே தீர்மானம் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் தலைவர். பின்னால் பூபதியோடு செயலாளர்.

ஆறுக்குட்டி வண்டியை உயிர்ப்பித்தார். திரையில் நூறு என்று காட்டியது. "முழுசா இருக்குதுங்" என்றார் பெருமையாக.

நாச்சிமுத்து கழுத்து அட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க! எண்பதுக்கு மேல ஏத்தாதீங்க, இருபதுக்குக் கீழ எறக்காதீங்கன்னு போட்டிருக்குதுங்."

"அப்ப இந்த இருபதை என்ன பண்றது?" என்றார் தலைவர்.

"கொறைக்கோணுமுங்."

"எப்படி?"

"ஓட்டித்தானுங் கொறைக்கோணும்."

தலைவர் முன்மொழிய, செயலாளர் வழிமொழிய, கொக்குமேட்டுக் குளத்தை மின்சாரக் கார் சுற்ற ஆரம்பித்தது. நாற்பது சுற்று. முதல் சுற்றுக்கு நாய்கள் குரைத்தன. பத்தாவது சுற்றுக்குமேல் அவையும் சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டன. நான் வாய்க்கால் கரையில் பல் விளக்கிக்கொண்டு என் கண்ணால் பார்த்தது இது.

"மாமா, இந்த நேரத்துக்கு மேட்டுப்பாளையமே தாண்டியிருக்கலாமுங்" என்றான் பூபதி.

"மாப்ள, உனக்கு வண்டி பத்தித் தெரியாது. அவரு நார்வேல இருக்கறாரு" என்றார் தலைவர்.

திரையில் எண்பது வந்ததும் மூன்று பேரும் கைதட்டினார்கள். மணி ஆறு.

மேட்டுப்பாளையம் தாண்டி, பாக்கு மரங்களைத் தாண்டி, மலைப்பாதை ஆரம்பித்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே குளிர் உள்ளே வந்துவிட்டது. சமவெளிக்காரர்கள் நான்கு பேருக்கும் பல் தந்தியடித்தது. பூபதி முன்னால் எட்டி ஹீட்டர் பொத்தானைத் தொட்டான். செயலாளர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"ஹீட்டர் போட்டு வண்டியைச் சூடாக்காதீங்க, உக்காந்திருக்கற ஆளைச் சூடாக்குங்கன்னு தெளிவாப் போட்டிருக்குதுங்."

"ஆளை எப்படிச் சூடாக்கறது? அடுப்பு இல்லையே" என்றார் ஆறுக்குட்டி.

தலைவர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது மீசையைத் தடவுவார், அன்றைக்கு மீசையே விறைத்திருந்தது. "அந்தப் பொன்னாடை மூட்டை டிக்கிலதான இருக்குது?"

சும்மா போர்த்திவிட அது போர்வையா என்ன? பொன்னாடை. அதற்கென்று முறை இருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்தி, மூட்டையை முன்சீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். "நமது மாப்பிள்ளை அவர்களுக்குத் தலைவர் அவர்கள் பொன்னாடை போர்த்துகிறார்" என்று செயலாளர் அறிவிப்பார். தலைவர் பின்னால் திரும்பிப் போர்த்துவார். ஆறுக்குட்டி போட்டோ எடுப்பார். மாப்பிள்ளை கும்பிட வேண்டும். முப்பத்தொரு பொன்னாடைக்கும் முப்பத்தொரு தடவை. பதினெட்டாவதுக்குமேல் கும்பிடக் கையை வெளியே எடுக்க முடியவில்லை. இருபத்தைந்துக்குமேல் தலைப்பாகையும் கண்ணும் மட்டும் தெரிந்தன. கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்கள்.

"சூடா இருக்குதா மாப்ள?"

உள்ளேயிருந்து ஏதோ சத்தம் வந்தது.

"நன்றியுரை சொல்றாருங்" என்றார் நாச்சிமுத்து.

குன்னூர் வரும்போது மணி எட்டு. சார்ஜ் நாற்பத்து மூன்று. வேகமாகக் குறைவதைப் பார்த்து ஆறுக்குட்டி புலம்ப ஆரம்பித்தார். ரோட்டைப் பார்ப்பதை விட்டு அந்த எண்ணையே பார்த்து ஓட்டிவந்தவர் அவர். தலைவர் அவரைத் தட்டிக்கொடுத்து, அட்டையில் தமக்கு மிகவும் பிடித்த வரியைப் படிக்கச் சொன்னார். நாச்சிமுத்து கணீரென்று படித்தார்:

"குளிரில் எல்லாம் குறைவாகத்தான் காட்டும். பதற வேண்டாம். எங்கேயும் போயிருக்காது. கொஞ்சம் சூடு பட்டால் திரும்பி வந்துவிடும்."

"எவ்வளவு பெரிய வார்த்தை" என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளிரில் கண்ணில் தண்ணீர் வந்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

குன்னூரில் ஒரு சார்ஜ் போடும் இடம் இருந்தது. அப்படியே நிறுத்தி, அரைமணி நேரம் குத்தி வைத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நானும் எழுதியிருக்க மாட்டேன். அங்கே வேலை பார்க்கும் அருவங்காட்டுப் பையன் வயரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். நாச்சிமுத்து கையை நீட்டித் தடுத்தார்.

"இருப்பா. வண்டி சூடா இருக்கறப்பத்தான் சார்ஜ் போடோணும்னு எழுதியிருக்குது. மொதல்ல சூடா இருக்குதான்னு பாக்கோணும்."

தலைவர் இறங்கி பானெட்டில் கை வைத்தார். ஜில்லென்று இருந்தது. ஆறுக்குட்டி வைத்துப் பார்த்தார். அதே ஜில். அவர்களுடைய பழைய அம்பாசிடரின் பானெட்டில் அப்பளமே சுடலாம். இந்த வண்டி மலையேறி வந்தும் சூடாகவில்லை.

"சார், இது எலக்ட்ரிக் வண்டி. பேட்டரி அடியில இருக்குது. பானெட் எப்பவுமே சூடாகாது. குத்துங்க சார்" என்றான் பையன்.

"தம்பி, நீ நார்வேல இருந்திருக்கறியா?"

"இல்ல சார். நான் அருவங்காடு. பொறந்ததுலேர்ந்து இந்தக் குளிர்லதான் இருக்கேன்."

"அருவங்காட்டுக்காரனுக்குக் குளிரைப் பத்தி என்ன தெரியும்?" என்று தலைவர் பெருந்தன்மையோடு சிரித்தார்.

செயலாளரும் முன்சீட்டைத் தாண்டி இறங்கி வர, மூன்று பேரும் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். சூடாகட்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம். வண்டி சூடாகவில்லை, அவர்கள் கைதான் விறைத்தது. பின்னால் சார்ஜுக்கு வந்து நின்ற நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன. கடைசியில், சூடாகாத வண்டிக்குச் சார்ஜ் போடுவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கிளம்பினார்கள். பொன்னாடைகளுக்கு உள்ளேயிருந்து பூபதி கத்தியது வெளியே முனகலாகத்தான் கேட்டது.

பத்தேகால் மணிக்கு, ஊட்டிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் என்று கல் சொன்ன இடத்தில், ஆறுக்குட்டி வண்டியை நிறுத்தினார். தூரத்தில் மண்டபத்து மேளச் சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது. நிழல் விழுந்த புல்லில் உறைபனி இன்னும் வெள்ளையாகக் கிடந்தது.

"ஏனுங் நிறுத்திப்போட்டீங்க?" என்றார் தலைவர்.

"இருபது."

மூவரும் திரையைப் பார்த்தார்கள். இருபதேதான். இன்னும் ஒரு அடி வைத்தால் பத்தொன்பது ஆகிவிடும்.

பூபதி வாயிலிருந்த ஜரிகையைத் துப்பிவிட்டுப் பேசினான். "மாமா, மூணு கிலோமீட்டர்தானுங். ஒண்ணும் ஆவாது. ஓட்டச் சொல்லுங்க. இல்லீன்னா என்னை எறக்கி உடுங்க, ஓடியே போயிக்கறேன்."

"மாப்பிள்ளை ஓடிப்போறதா! சனம் என்ன பேசும்?" என்றார் தலைவர். "அதுவுமில்லாம, கதவை அடிக்கடி திறக்காதீங்க, உள்ள இருக்கற சூடு போயிரும்னு போட்டிருக்குது. செயலாளரே, சார்ஜ் ஏறறதுக்கு என்ன போட்டிருக்குதுங்?"

நாச்சிமுத்து விரலால் வரியைத் தேடினார். "மலையில் ஏறினால் சார்ஜ் இறங்கும், இறங்கினால் ஏறும்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "அப்புறமென்ன? எறங்குவோம். எறங்கினா ஏறும். ஏறினதை வெச்சு ஏறுவோம்."

இதில் என்ன தப்பு என்று சட்டென்று சொல்லுங்கள் பார்க்கலாம். அவர்களாலும் முடியவில்லை. வண்டியைத் திருப்பினார்கள்.

ஏழு கிலோமீட்டர் இறங்கினார்கள். இருபத்திரண்டு ஆயிற்று. கைதட்டினார்கள். திருப்பி ஏறினார்கள். இரண்டும் கரைந்து மறுபடி இருபது ஆனபோது ஊட்டி ஆறு கிலோமீட்டர் என்று கல் சொன்னது. மறுபடி இறங்கினார்கள். இந்தத் தடவை இருபது வந்தபோது ஒன்பது கிலோமீட்டர். மணி பதினொன்று.

"முன்னேற்றம் இருக்குதுங்களா?" என்றார் தலைவர்.

"மூணு, ஆறு, ஒம்பதுங். ஒழுங்காத்தான் போவுதுங்" என்றார் நாச்சிமுத்து.

பூபதிக்குப் பதினான்கு வீட்டுப் பஜ்ஜியும் கண்முன்னே வந்து போனது. துரைராஜ் எழுந்து மெயின் சுவிட்சை நோக்கி நடப்பது தெரிந்தது. சுகந்தி இருட்டான மண்டபத்தில் மாலையோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அந்த நேரத்தில் அவன் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே வேதனையாக இருக்கிறது.

வண்டி ஒரு டீக்கடை ஓரமாக நின்றது. நிலைமை முற்றிவிட்டதால் அவசரப் பொதுக்குழு கூட்ட வேண்டும், பொதுக்குழுவைச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கூட்ட முடியாது என்று முன்கதவு வழியாகத் தலைவரும் பொருளாளரும் இறங்கினார்கள். செயலாளர் மறுபடி பின்சீட்டிலிருந்து முன்சீட்டைத் தாண்டி, தலைகீழாக வெளியே வந்தார். பூபதியால் அப்படித் தாண்ட முடியவில்லை. முப்பத்தொரு பொன்னாடையோடு அவன் இரண்டு பேர் அகலம் இருந்தான்.

மூவரும் டீக்கடைக்குப் பின்னால் வெயில் விழுந்த இடத்தில் கூட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் மறைந்த தலைவர்களுக்கு இரண்டு நிமிட மௌனம்.

டீக்கடை ராஜம்மா காருக்குள் எட்டிப் பார்த்தாள். ஜரிகை மூட்டை ஒன்று அவளைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

"யக்கா, கதவைத் திறந்து உடுங்க" என்றது மூட்டை.

அவள் வெளியேயிருந்து கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்துகொண்டது. அவ்வளவுதான். காலை ஐந்து மணியிலிருந்து யாருக்கும் தோன்றாத அந்தக் காரியத்தை அவள் டீ வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டே செய்தாள்.

பூபதி சீட் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி, பொன்னாடைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து விழுந்தான். தலைப்பாகை பொன்னாடை மூட்டையின் உச்சியில் மாட்டிக்கொண்டு நின்றது. ராஜம்மா கதவைச் சாத்தினாள். உள்ளே பார்த்தால் மாப்பிள்ளை இன்னும் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது.

"எங்கடா போவணும் தம்பி?"

"கல்யாணத்துக்குக்கா."

"யாரு கல்யாணம்?"

"என்னுதுதான்."

கேரட் ஏற்ற ஊட்டிக்குக் காலியாகப் போய்க்கொண்டிருந்த லாரியை ராஜம்மா ரோட்டின் நடுவில் நின்று மறித்தாள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூபதி ஏறினான்.

மண்டபத்து வாசலில் லாரி நின்றபோது மணி பதினொன்று நாற்பது. துரைராஜ் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார் எங்க மாப்பிள்ளை?"

"சார்ஜ் ஏத்தப் போயிருக்குதுங்."

"எங்க?"

"கீழதானுங்."

அவர் மின்வாரியத்தில் முப்பத்தேழு வருஷம் இருந்தவர். இதற்குமேல் கேட்கவில்லை. பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குப் பூபதி சுகந்திக்குத் தாலி கட்டினான். சுகந்தி அவன் காதில், "லாரியில வந்தீங்களாமே" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கும் அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

இங்கே டீக்கடைக்குப் பின்னால் பொதுக்குழு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. கொஞ்சம் இறங்கினால் கொஞ்சம் ஏறுகிறது, முழுக்க இறங்கினால் முழுக்க ஏறும், ஆகவே மேட்டுப்பாளையம் வரை இறங்குவது. மூவரும் காரில் ஏறினார்கள். கதவுகளைப் பத்திரமாகச் சாத்தினார்கள்.

"மாப்ள, கவலைப்படாதே. தீர்மானம் ஆயிருச்சு" என்றார் தலைவர்.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.

"இப்பத்தான் நெலமை புரிஞ்சு அமைதியா இருக்கறாரு" என்றார் நாச்சிமுத்து திருப்தியாக.

மேட்டுப்பாளையம் போனார்கள். அங்கே நல்ல வெயில். பானெட்டைத் தொட்டால் சுட்டது. சூடான வண்டி என்று சந்தோஷமாகச் சார்ஜ் குத்தினார்கள். எண்பது வந்ததும் பிடுங்கினார்கள். மாப்பிள்ளைக்கு ஜன்னல் வழியாக இளநீர் நீட்டினார்கள். வாங்கவில்லை, கல்யாணத்தன்று விரதம் இருக்கிறார் என்று ஆறுக்குட்டி குடித்தார். மறுபடி மலை ஏறினார்கள். மண்டபத்தை அடைந்தபோது மணி நாலரை. திரையில் இருபத்து மூன்று.

"மூணு மிச்சம்!" என்று ஆறுக்குட்டி ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

வாழைமரம் சாய்ந்து கிடந்தது. மேளக்காரர்கள் போய்விட்டார்கள். பின்கட்டில் சமையல்காரர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரிய விறகடுப்பில் தணல் மட்டும் இருந்தது. வரவேற்க ஆள் இல்லாததைத் தலைவர் மனசில் குறித்துக்கொண்டார். பின்கதவை வெளியேயிருந்து திறந்து, சீட் பெல்ட்டைக் கழற்றி, மூட்டையைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"மாப்ள லேசா இருக்கறாரே" என்றார் ஆறுக்குட்டி.

தலைவர் தலைப்பாகையை எடுத்தார். கீழே தலை இல்லை. ஒரு பொன்னாடையை உருவினார். இரண்டாவதை உருவினார். முப்பத்தொன்றையும் உருவினார்கள். உள்ளே ஒரு வெற்றிலைகூட இல்லை.

மூவருக்கும் முகம் வெளிறிப்போனது. தலைவருக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. அவருடைய அக்கா வாய் திறந்தால் வாய்க்கால் தாண்டி எங்கள் ஊருக்குக் கேட்கும்.

"மாப்ள பக்கத்துக் கதவைத் திறக்கவே இல்லீங்களே. எங்க போயிருப்பாருங்?" என்றார் நாச்சிமுத்து.

"காத்தால நான் பெல்ட்டு மாட்டறப்ப முழுசா இருந்தாருங்" என்றார் ஆறுக்குட்டி.

நாச்சிமுத்து கழுத்து அட்டையைத் தூக்கிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் குரல் தெளிந்தது. "குளிரில் எல்லாம் குறைவாகத்தான் காட்டும். பதற வேண்டாம். எங்கேயும் போயிருக்காது. கொஞ்சம் சூடு பட்டால் திரும்பி வந்துவிடும்."

தலைவர் பெருமூச்சு விட்டார். "நானும் பயந்தே போயிட்டேன். மாப்ள கொறைஞ்சு காட்டறாரு, அவ்வளவுதான்."

பொன்னாடைகளை மறுபடி ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, மேலே தலைப்பாகையை வைத்து, மூவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் விறகடுப்புத் தணலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஆறுக்குட்டி விசிறியால் தணலை விசிறினார். நாச்சிமுத்து நோட்டைத் திறந்து நேரத்தை எழுதினார். தலைவர் உள்ளங்கையால் மூட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சமையல்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சமையல்காரர்களிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த முகத்தோடு, பீடாவை மென்றுகொண்டு பூபதி பின்கட்டுக்கு வந்தான். பக்கத்தில் மாலையும் கழுத்துமாகச் சுகந்தி.

"என்ன மாமா பண்றீங்க?"

மூவரும் திரும்பினார்கள். அவர்கள் முகத்தில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. பெருமைதான் இருந்தது.

"பாத்தீங்களா! வந்துட்டாரு!" என்று தலைவர் கழுத்து அட்டையைத் தொட்டுக் கும்பிட்டார். "நார்வேக்காரன் நார்வேக்காரன்தானுங்."

கைதட்டப்போன ஆறுக்குட்டி பாதியில் கையை நிறுத்தினார். பொருளாளர் அல்லவா. பூபதியைப் பார்த்தார், சுகந்தியைப் பார்த்தார், விரலை மடக்கினார்.

"தலைவரே, நாம வெச்சது ஒண்ணுதானுங். ரெண்டு வந்திருக்குது."

சென்னியப்பன் சுகந்தியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். தாவிப் போய்த் தலைப்பாகை மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"விசிறியைக் கீழ போடுய்யா! மூட்டையை அடுப்பை உட்டுத் தள்ளிப் புடிங்க! எண்பதுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு அவரு எத்தனை தடவை சொல்லியிருக்கறாரு!"